கேட் மிடில்டனின் நீல இசா உடை: வீட்டில் தைக்க துணி, அளவு, தையல் முறை

நீலநூல்:
எல்லோருக்கும் வணக்கம். 2010 நவம்பர் 16 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் நிச்சயதார்த்த அறிவிப்புக்குக் கேட் மிடில்டன் போட்டு வந்த நீல உடையைப் போல ஒன்று தைக்க வேண்டும். பிராண்ட் இசா, டிசைனர் டேனியெல்லா ஹெலயெல், துணி சில்க் ஜெர்சி. முன்பக்கம் குறுக்கே மடிந்து வரும் வி கழுத்து, முழுக்கை, இடையில் சேர்ந்து இறுகும் மடிப்பு, முழங்கால் அளவு.

அளவுகள்: உயரம் 158 செ.மீ., மார்பு 92, மார்புக்குக் கீழே 78, இடை 76, சீட் (இடுப்பின் அகலமான சுற்று) 100. கையில் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் மெஷின். பக்கத்தில் ஓவர்லாக் கடை உண்டு. தையற்கடையில் கிரேப் துணியில் தைக்கலாம் என்கிறார்கள். சரியா? எவ்வளவு துணி வேண்டும்? முக்கியமான சந்தேகம், இந்தக் கழுத்து குனிந்தால் விரியாமல் இருக்க என்ன செய்வது?

திருப்பூர்நிட்:
கிரேப் வேண்டாம் தோழி. கிரேப் நெய்த துணி. இந்த உடையில் டார்ட் (உடம்பு வளைவுக்காக உள்ளே பிடித்துத் தைக்கும் கூர் மடிப்பு) எதுவும் கண்ணில் படாமல் உடம்போடு ஒட்டி இறங்குவதற்குக் காரணம் அது பின்னலாடைத் துணி என்பதுதான். அதே வெட்டை கிரேப்பில் வெட்டினால் இடைக்கு ஜிப், மார்புக்கு டார்ட், முழங்கைக்குத் தளர்ச்சி எல்லாம் வேண்டும். அப்போது அது வேறு உடை.

சில்க் ஜெர்சி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அதற்கு மிக அருகில் வருவது விஸ்கோஸ் லைக்ரா சிங்கிள் ஜெர்சி, 95க்கு 5 கலவை, 220 முதல் 240 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்). 180க்குக் கீழே போனால் உள்ளாடையின் கோடுகூட வெளியே தெரியும். 280க்கு மேலே போனால் பாவாடைப் பகுதி தன் எடையாலேயே இடையைக் கீழே இழுத்துவிடும். காட்டன் லைக்ரா டிஷர்ட்டுக்குச் சரி. இங்கே மடிப்புகள் விழாமல் விறைத்து நிற்கும்.

பின்னலாடைத் துணியை நிறைய இடங்களில் கிலோவில்தான் தருவார்கள். கணக்கு இது: நீளம் மீட்டரில், அகலம் மீட்டரில், ஜிஎஸ்எம், மூன்றையும் பெருக்கினால் எடை கிராமில் வரும். 230 ஜிஎஸ்எம், 1.5 மீட்டர் அகலம் என்றால் ஒரு கிலோவுக்குச் சுமார் 2.9 மீட்டர். உங்கள் அளவுக்கு 2.5 மீட்டர் போதும். மிச்சத்தைத் தையல் சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள், அது கட்டாயம் தேவைப்படும்.

திருப்பூர் காதர்பேட்டை மாதிரி இடங்களில் மிச்சத் துணி, செகண்ட்ஸ் வாங்குகிறவர்கள் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீளவாக்கில் மெல்லிய கோடு ஓடினால் ஊசிக்கோடு. ஓரிடத்தில் துணி தளர்ந்து திட்டாகத் தெரிந்தால் லைக்ரா கட். இரண்டும் அடர் நீலத்தில் கடையில் தெரியாது, போட்டு வெயிலில் நின்றால் தெரியும்.

வாங்கும் முன் அகலவாக்கில் 10 செ.மீ. பிடித்து இழுங்கள். 15 வரை வர வேண்டும், விட்டால் 10.5க்குள் திரும்ப வேண்டும். திரும்பாத துணியில் முழங்கையும் பின்பக்கமும் ஒரு மணி நேரத்தில் தொங்கிவிடும்.

பாட்டர்ன்பேப்பர்:
மேலே சொன்னதோடு ஒன்று. வெட்டுவதற்கு முன் துவைத்தே ஆக வேண்டும். விஸ்கோஸ் ஜெர்சி நீளவாக்கில் 5 முதல் 8 சதவீதம் சுருங்கும். 2.5 மீட்டரில் 8 சதவீதம் என்றால் 20 செ.மீ. போய்விடும். கொடியில் தொங்கவிடாமல் விரித்துக் காயப் போடுங்கள். காய்ந்தபிறகு ஒரு நாள் அப்படியே மேஜையில் கிடக்கட்டும், சுருட்டியிருந்த இழுவை அடங்கும்.

துவைக்கும் முன் ஒரு மூலையில் 50 செ.மீ. சதுரம் வரைந்து வையுங்கள். துவைத்தபின் சதுரம் சாய்ந்திருக்கிறதா பாருங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் சாய்ந்தால் அந்தத் துணி முறுக்கும். பக்கத்தையல் நாளடைவில் வயிற்றுப் பக்கம் சுற்றி வருவது இதனால்தான். தைக்கிறவர் மேல் தப்பில்லை, துணியிலேயே இருக்கும் கோளாறு.

எது மேல்பக்கம் என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். குறுக்கே வெட்டிய ஓரத்தை அகலவாக்கில் இழுத்தால் அது சுருளும். சுருளும் பக்கமே மேல்பக்கம்.

இனி வெட்டு. கேட் நல்ல உயரம், 175 செ.மீ. அளவில். அதனால் படத்திலிருந்து செ.மீ. கணக்கு எடுக்கவே கூடாது. படத்தில் எது உடம்பின் எந்த இடத்தில் முடிகிறது என்று மட்டும் பாருங்கள். விளிம்பு முழங்காலில் எங்கே நிற்கிறது, கை மணிக்கட்டில் எங்கே முடிகிறது, வி மார்பின் எந்த மட்டத்தில் கூடுகிறது. அந்த அடையாளங்களை உங்கள் உடம்பில் வைத்து அளந்தால் தோற்றம் தானாக வரும்.

உங்கள் அளவுக்கு: மார்பு 90, அதாவது உடம்பைவிட 2 குறைவு. இடைப்பட்டி 9 செ.மீ. உயரம், மேல் ஓரம் 76, கீழ் ஓரம் 74. சீட் 104. கையின் மேல்சுற்று உங்கள் புஜ அளவே, கூடுதல் எதுவும் வேண்டாம். கைத்தலையில் (கையின் மேல் வளைவு) ஆர்ம்ஹோலைவிட (கை இணையும் திறப்பு) 1 செ.மீ. மட்டும் அதிகம். ஆர்ம்ஹோல் அக்குளுக்குக் கீழே 2 செ.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது. ‘வசதியா இருக்கட்டும்’ என்று இறக்கினால் கையைத் தூக்கும்போது உடை முழுதும் மேலே ஏறும்.

கழுத்தைப் போலி ராப் ஆகவே, அதாவது குறுக்கே மடிந்ததுபோலத் தெரிந்தாலும் பிரிக்க முடியாதபடி, பட்டியில் தைத்து மூடிவிடுங்கள். கயிறு கட்டும் உண்மையான ராப் என்றால் பாவாடையிலும் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், அரை மீட்டருக்கு மேல் துணி கூடும், உட்காரும்போது விலகும். இதில் திறப்பே வேண்டாம். இடைப்பட்டி 74. துணி 50 சதவீதம் இழுபட்டால் 111 வரை விரியும், தோள் வழியாகவே போட்டுக்கொள்ளலாம்.

கத்தரிக்கோல்:
இடைப்பட்டிக்கு உள்ளே ஒட்டுக் கேன்வாஸ் வையுங்கள். படத்தில் இடை கச்சிதமாக நிற்கிறதே, அது வெறும் ஜெர்சியில் வராது.

பாட்டர்ன்பேப்பர்:
நிற்க வேண்டும் என்பது சரி அண்ணா. கேன்வாஸ் வைத்தால் பட்டி விரியாது, 74 சுற்றளவு தோள் வழியே இறங்காது. பிறகு பக்கத்தில் இன்விசிபிள் ஜிப் வைக்க வேண்டிவரும், ஜெர்சியில் ஜிப் அலை அலையாகக் கிடக்கும். அதற்குப் பதில் உள்பட்டியைப் பவர் நெட்டில் (இழுபட்டு இறுக்கிப் பிடிக்கும் வலைத் துணி) வெட்டுங்கள், அதிகம் இழுபடும் திசை சுற்றுவாக்கில் வரட்டும். சுற்றில் விரியும், உயரவாக்கில் சுருண்டு மடங்காது.

வெளியே தெரியும் மேல்பட்டி வேறு மாதிரி. அதை 9 செ.மீ.க்குப் பதில் 16 செ.மீ. உயரமாக வெட்டி, இரு பக்கத்தையலிலும் 9க்குச் சுருக்கி, உள்பட்டிமேல் வைத்துத் தையுங்கள். இடையில் குறுக்காக ஓடும் மடிப்புகள் இப்படித்தான் வரும். பக்கத்தில் மட்டும் சுருக்குவதால் நடுவில் மடிப்பு மெல்லிசாகவும் பக்கத்தில் அடர்த்தியாகவும் விழும்.

கத்தரிக்கோல்:
பவர் நெட் யோசனை சரி, ஒப்புக்கொள்கிறேன். பாவாடை எடை பட்டியை இழுக்காமல் இருக்க கீழ்த் தையலில் 10 மி.மீ. டிரான்ஸ்பரன்ட் எலாஸ்டிக்கை இழுக்காமல் அதே அளவுக்கு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

ஊசிமுனை:
கழுத்துக்கு வருகிறேன். இந்த உடையில் பாதிக் கவனம் இங்கேதான் போக வேண்டும்.

கழுத்து விரிவதற்கு மூன்று காரணம், மூன்றுக்கும் தனித்தனி மருந்து. ஒன்று, தோளிலிருந்து எதிர்ப்பக்க இடை வரை குறுக்கே போகும் ஓரம் துணியின் கிராஸில் (சாய்வாக்கில்) விழுகிறது. ஜெர்சி ஏற்கெனவே இழுபடும், கிராஸில் வெட்டினால் எடுத்து வைக்கும்போதே நீளும். இரண்டு, உடம்பில் அந்தக் கோடு தட்டையாக இல்லை. தோள்பட்டைக்குக் கீழே குழி, பிறகு மார்பு, பிறகு உள்வளைவு. தாளில் நேர்கோடு போட்டால் குழியில் துணி மிஞ்சும். மூன்று, தோள்தையல் நீண்டு கழுத்தை வெளிப்பக்கம் தள்ளும்.

முதலில் அளவு. டேப்பைக் கழுத்தும் தோளும் சேரும் புள்ளியில் வைத்து, மார்பின்மேல் ஒட்டிப் படியவைத்து, எதிர்ப்பக்கத்தில் இடைப்பட்டியின் மேல் ஓரம் பக்கத்தையலைத் தொடும் இடம் வரை எடுங்கள். 47 வந்தது என்று வைத்துக்கொண்டால் தாளில் ஓரம் 45 இருக்க வேண்டும். அந்த 2 செ.மீ.யை ஓரத்திலிருந்து சீவி எடுக்கக் கூடாது. ஓரத்தின் நடுவில் சிறு டார்ட் போல மடித்து, முனையை மார்புப் புள்ளியில் நிறுத்தி, மார்புப் புள்ளியிலிருந்து கீழ் ஓரம் வரை தாளை வெட்டித் திறவுங்கள். மேலே மூடியது கீழே திறக்கும். கீழே கிடைத்த அந்த இடத்தை மேலும் விரித்து மொத்தம் 5 செ.மீ. ஆக்கினால் அதுவே மார்புக்குக் கீழே வரும் சுருக்கம். ஒரே வேலையில் இரண்டு பலன்.

முன்பாகத்தை இரட்டையாக வெட்டி, ஓரத்தில் தைத்துத் திருப்புங்கள். தனிப்பட்டி ஒட்டுவதைவிட இது சுத்தம். ஆனால் உள் அடுக்கை விரிக்காத தாளில், சுருக்கம் இல்லாமல் வெட்டுங்கள். இல்லாவிட்டால் நடுவில் இரண்டு முன்பாகம், இரண்டு உள் அடுக்கு என்று நான்கும் சுருக்கத்தோடு ஒரே தையலில் கூடி மார்புக்குக் கீழே கயிறு கட்டினதுபோல மொத்தையாக நிற்கும்.

அந்த ஓரத் தையலில் 6 மி.மீ. டிரான்ஸ்பரன்ட் எலாஸ்டிக் சேர்த்துத் தைக்க வேண்டும். முன் ஓரங்களுக்கு 95 சதவீதம், பின்கழுத்து வளைவுக்கு 87. அதாவது 45க்கு 43, பின்கழுத்து 17க்கு 15, மறுபடி 43. மொத்தம் 101. மூன்று பகுதியையும் எலாஸ்டிக்கில் பேனாவால் குறித்துக்கொண்டு தையுங்கள். குறிக்காமல் இழுத்துக்கொண்டே போனால் பின்கழுத்தில் தளர்ச்சியும் மார்பில் சுருக்கமும் வரும். எலாஸ்டிக்கைத் தொடங்கும் முன் இரண்டு மூன்று முறை நன்றாக இழுத்து விடுங்கள், முதல் இழுப்பில் அது கொஞ்சம் நீளும்.

தோளுக்கு 6 மி.மீ. காட்டன் டேப். அதன் நீளத்தைத் தாளில் அளந்து வெட்டுங்கள், துணியில் அளக்காதீர்கள். துணி அதற்குள் நீண்டிருக்கும்.

நீலநூல்:
மிக்க நன்றி. நேர்த்தையல் மெஷினில் இதைத் தைக்க முடியுமா? ஓவர்லாக் கடையில் கொடுத்தால் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

திருப்பூர்நிட்:
முடியும். மூன்று மாற்றம் செய்யுங்கள்.

ஊசி: ஸ்ட்ரெட்ச் ஊசி 75/11. சாதாரண ஊசியின் கூர்முனை இழையைக் குத்தி அறுக்கும், அந்த இடத்தில் துவைத்தபின் சிறு ஓட்டை விழும். லைக்ரா உள்ள துணியில் தையல் விட்டுவிட்டுப் போவதற்கும் முக்கால்வாசி காரணம் ஊசிதான்.

நூல்: மேலே பாலியஸ்டர், பாபினில் உல்லி நைலான் (பஞ்சுபோல இழுபடும் நூல்). பாபினில் கையால் தளர்வாகச் சுற்றுங்கள். மெஷினில் இறுக்கிச் சுற்றினால் நூல் இழுபட்டே உட்காரும், தைத்தபின் சுருங்கும். காட்டன் நூல் போடவே வேண்டாம், உடை போடும்போதே படபடவென்று அறும்.

அழுத்தம்: பிரஷர் ஃபுட் மேல் உள்ள திருகைத் தளர்த்துங்கள். தையல் நீளம் 2 முதல் 2.5 மி.மீ. தைக்கும்போது முன்னும் பின்னும் லேசாகப் பிடித்து இழுங்கள், கால்பங்கு அங்குலம் விரிகிற அளவு. துணி பல்லுக்குள் போனால் கீழே பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துக் கிழித்துவிடுங்கள். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டும்.

ஓவர்லாக் கடையில் நான்கு நூல் மெஷின் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மூன்று நூல் என்றால் ஓரம் அடிக்க மட்டும் கொடுங்கள், இணைப்புத் தையல் நீங்கள் போட்டிருக்க வேண்டும். டிஃபரன்ஷியல் ஃபீட் (முன்பல், பின்பல் துணியைத் தள்ளும் வேக விகிதம்) 1.3 முதல் 1.5 வைக்கச் சொல்லுங்கள். நெய்த துணிக்கு வைத்த அளவிலேயே ஓட்டினால் தையல் கீரைத்தண்டு ஓரம்போல அலையடிக்கும். ஊசியையும் பால்பாயிண்ட் ஆக்கச் சொல்லி, மிச்சத் துணியில் ஒரு சாண் ஓட்டிப் பார்த்தபிறகே உடையைக் கொடுங்கள்.

பாட்டர்ன்பேப்பர்:
தைக்கும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், வரிசை மாறினால் பிரித்துத்தான் தைக்க வேண்டிவரும்.

தோளை டேப்போடு இணைப்பது முதலில், வெளி அடுக்கு, உள் அடுக்கு இரண்டுக்கும் தனித்தனியாக. பின்பாகத்துக்கு உள் அடுக்கு முழுதாக வேண்டாம், கழுத்துக்கு 6 செ.மீ. பேசிங் (உள்பக்கம் திருப்பும் பட்டி) போதும். அடுத்து கழுத்து ஓரம் முழுதும் எலாஸ்டிக்கோடு ஒரே ஓட்டமாக. திருப்பி, உள் அடுக்கை 2 மி.மீ. உள்ளே தள்ளி நீராவியில் அமுக்குங்கள். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள், மேலே மெல்லிய துணி போட்டு. அடர் நீலத்தில் பளபளப்பு ஏறினால் போகாது.

கையைப் பக்கத்தையலுக்கு முன்பே, தட்டையாக வைத்துத் தையுங்கள். பிறகு மணிக்கட்டிலிருந்து அக்குள் வழியாக இடை வரை ஒரே தையல். அதன்பின் இரண்டு முன்பாகத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கீழ் ஓரத்தில் கைத்தையலில் பிடித்து, போட்டுப் பாருங்கள். வி எந்த உயரத்தில் கூட வேண்டும் என்பதை இந்தக் கட்டத்தில்தான் முடிவுசெய்ய வேண்டும். ஏற்றி இறக்கிப் பார்த்துக் குறித்தபின் பட்டி, கடைசியில் பாவாடை.

பாவாடையின் முன்பக்கத்தில் சுருக்கம் வைக்காமல் மடிப்பு வையுங்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் மும்மூன்று, ஒவ்வொன்றும் 2 செ.மீ. துணி விழுங்கும், மொத்தம் 12. சுருக்கம் ஜெர்சியில் சீராக நிற்காது, வயிற்றுமேல் உப்பும்.

நீலநூல்:
சோதனைத் துணியில் தைத்ததில் மூன்று கோளாறு. கழுத்து இப்போது விரியவில்லை, ஆனால் பக்கவாட்டில் மார்புக்கு மேலே அக்குள் அருகே மடிப்பு விழுகிறது. இடைப்பட்டி நடக்க நடக்க மேலே ஏறுகிறது. பாவாடை முன்பக்கம் கால்களுக்கு நடுவே ஒட்டிக்கொள்கிறது.

ஊசிமுனை:
அக்குள் மடிப்பு மார்பை நோக்கிச் சாய்ந்து போகிறதா? அப்படியென்றால் முன்பாகத்தின் நீளம் மார்புக்குப் போதவில்லை. பக்கத்தையலில் முன்பாகத்தை 1.5 செ.மீ. நீளமாக வெட்டி, மார்பு மட்டத்தில் மட்டும் அந்த மிச்சத்தைத் துணியை அணைத்து அணைத்துத் தையுங்கள். டார்ட் தேவைப்படாது, ஜெர்சி அந்த அளவை விழுங்கிக்கொள்ளும். மடிப்பு நேர் கீழாக நின்றால் எதிர்க் காரணம், அகலம் மிஞ்சுகிறது. அப்போது ஆர்ம்ஹோல் ஓரத்தில் 1 செ.மீ. எடுங்கள்.

பட்டி ஏறுவதற்கு இரண்டு காரணம். பட்டியின் கீழ் ஓரம் இடையில் உட்காராமல் இடைக்குக் கீழே சீட் தொடங்கும் இடத்தில் உட்கார்ந்தால், உடம்பு அதை மேலே தள்ளும். இடையில் ஒரு எலாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு இரண்டு முறை குனிந்து நிமிருங்கள். அது எங்கே நிற்கிறதோ அதுதான் இடை. இன்னொன்று, மேல் உடல் உயரம் குறைவு. அதற்குப் பட்டிக்கு மேலே 1 செ.மீ. சேர்க்க வேண்டும்.

திருப்பூர்நிட்:
கால் நடுவே ஒட்டுவது துணியின் குணம், வெட்டில் தப்பில்லை. நைலான் ட்ரைகாட்டில் அரைப்பாவாடை ஒன்று தனியாகத் தைத்து உள்ளே போடுங்கள். லைனிங் என்று சொல்லிச் சாண்டூனோ கிரேப்போ மாதிரி நெய்த துணியை உள்ளே வைத்துத் தைத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது விரியாது, வெளியே இருப்பது விரியும், உட்கார்ந்தால் உள்தையல் கிழியும்.

கத்தரிக்கோல்:
விளிம்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பாவாடை இணைத்தபின் உடையை ஒரு நாள் முழுதும் ஆள் பொம்மையிலோ அகலமான ஹேங்கரிலோ தொங்கவிடுங்கள். விஸ்கோஸ் ஜெர்சி 1 முதல் 3 செ.மீ. இறங்கும், எல்லா இடத்திலும் ஒரே அளவு இறங்காது. பிறகு தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் குறித்து வெட்டி மடியுங்கள். உடனே மடித்துத் தைத்தால் இரண்டு பக்கமும் காது போலத் தொங்கும்.

மடித்துத் தைக்க இரட்டை ஊசி என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். நேர்த்தையல் மட்டும் உள்ள மெஷினில் ஊசித்தட்டின் ஓட்டை சிறியது, இரட்டை ஊசி தட்டில் பட்டு உடையும். பின்னலாடை தைக்கும் இடத்தில் ஃப்ளாட்லாக் (டிஷர்ட் ஓரத்தில் வரும் இழுபடும் தையல்) அடித்துக் கொடுப்பார்கள், அது உறுதி. ஆனால் இந்த உடைக்குக் கை எம்மிங் தான் அழகு. 2.5 செ.மீ. மடித்து, ஓரத்தை மடக்காமல், மடிப்புக்கு உள்ளே குறுக்குத் தையலாக இடமிருந்து வலம் போங்கள். ஒரு குத்துக்கும் அடுத்ததற்கும் 8 மி.மீ., நூல் தளர்வாக. ஒவ்வொரு சாணுக்கும் துணியை இழுத்துப் பாருங்கள், நூலும் கூடவே வர வேண்டும்.

நீலநூல்:
நிறம் பற்றி ஒரு கேள்வி. மோதிரத்துக்குப் பொருத்தமான நீலம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். படத்துக்குப் படம் நிறம் மாறுகிறது. சாயம் போகாமல் இருக்க உப்பில் ஊறவைக்கலாமா?

திருப்பூர்நிட்:
அந்த மோதிரம் டயானாவுடையது, நடுவில் 12 காரட் இலங்கை நீலக்கல், சுற்றிலும் வைரம். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் உடை பளிச்சென்ற ராயல் நீலமாகவும், மற்றவற்றில் கருநீலத்துக்கு அருகிலும் தெரியும். கடையில் குழல்விளக்கை நம்பாதீர்கள். துண்டு வெட்டி வாங்கி, பகல் வெளிச்சத்தில் முகத்துக்கு அருகே வைத்துப் பாருங்கள். கொஞ்சம் அடர்த்தியான பக்கமே நல்லது. மடிப்புகளில் விழும் நிழல் அந்த ஆழத்தில்தான் எடுபடும்.

உப்பில் ஊறவைப்பதால் பலனில்லை, வினிகரும் அப்படித்தான். விஸ்கோஸுக்கு ரியாக்டிவ் சாயம் போடுவார்கள். இழையோடு சேராமல் மிஞ்சிய சாயம்தான் தண்ணீரில் இறங்குகிறது. அதை உப்போ வினிகரோ கட்டிப்போடாது, கழுவி வெளியேற்றத்தான் வேண்டும். வெட்டும் முன் துவைக்கும்போதே 40 டிகிரி வெந்நீரில் இரண்டு மூன்று முறை, தண்ணீர் தெளியும் வரை. அதற்குப் பிறகும் வெள்ளைத் துணியில் ஈரத்தோடு தேய்த்து நீலம் ஒட்டினால் அந்தத் துணியை இந்த உடைக்கு எடுக்க வேண்டாம். அக்குள், கழுத்து, உள்பட்டி எல்லா இடத்திலும் கறை ஏறும்.

வாசல்படி:
இதே மாதிரி நாலைந்து தைத்து விற்கலாமா? ஆர்டர் கேட்கிறார்கள்.

பாட்டர்ன்பேப்பர்:
குறுக்கு மடிப்புக் கழுத்தும் ஜெர்சியும் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. ஆனால் பிராண்ட் பெயரை லேபிளிலோ விளம்பரத்திலோ உங்கள் சரக்கின் பெயராகப் போடாதீர்கள், அது வணிக முத்திரைச் சட்டத்தில் வரும். உங்கள் பெயரிலேயே விற்றுவிடுங்கள். விற்பதாக இருந்தால் துணியை ஒரே ரோலில் எடுங்கள். அடுத்த ரோலில் இழுவை மாறினால் 101 என்று குறித்த எலாஸ்டிக் கணக்கும் மாறும்.

ஊசிமுனை:
நீலநூல், உண்மையான துணியை வெட்டும் முன் இன்னொரு வேலை. வி கூடும் இடத்தில் உள்பக்கமாகச் சின்னப் பிரஸ் பட்டன் ஒன்று வையுங்கள். பட்டியில் தைத்தது போதும், இந்தப் புள்ளியையும் தைத்து மூடிவிட்டால் தலை நுழையும்போது அந்த இடத்தில் இழுபட்டு நூல் அறும். பட்டன் வைக்கும் இடத்தில் உள் அடுக்குக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணய அளவு காட்டன் துண்டு வைத்துத் தைக்க வேண்டும், ஜெர்சியில் நேரடியாகத் தைத்தால் பிய்த்துக்கொண்டு வரும்.

நீலநூல்:
குறித்துக்கொண்டேன். முன்பாகத்தைப் பக்கத்தையலில் 1.5 கூட்டி, பட்டிக்கு மேலே 1 சேர்த்துத் தாளை மாற்றிவிட்டேன். துணி இரண்டாவது முறை துவைத்து விரித்துக் கிடக்கிறது, தண்ணீர் தெளிந்துவிட்டது. வரைந்த சதுரம் 1 செ.மீ. சாய்ந்திருக்கிறது.

பாட்டர்ன்பேப்பர்:
1 என்றால் தாராளமாக வெட்டலாம். ஒற்றை அடுக்காக விரித்து, பின் குத்தாமல் எடை வைத்து வெட்டுங்கள். முன்பாகத்தை ஒரு தடவை வெட்டியதும் தாளைத் திருப்பிப் போட்டு அடுத்ததை வெட்ட மறக்காதீர்கள்.